கார்போகரிசியும் ‘இயற்கை’ என்னும் அடையும்: தமிழர் குளியற்பொடி மரபில் பொருளும் வினையும்

ஆய்வுச் சுருக்கம்

நலங்குமாவின் கூட்டுச் சரக்குகளுள் ஒன்று கார்போகரிசி. இவ்விதையிலிருந்து பிரித்தெடுக்கப்படும் பாகுச்சியோல் என்னும் மூலக்கூறு இன்று அழகுப்பொருள் சந்தையில் பெருவரவேற்பைப் பெற்றுள்ளது. வெயிலோடு கூடித் தோலைப் புண்ணாக்கவல்ல சோராலென்களும் அதே விதையில் உள்ளன. ‘இயற்கையானது’ என்னும் அடை இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டுவதில்லை. தமிழ் மரபு ஒரு சரக்கின் பெயரோடு அதனைப் பயன்படுத்தும் முறையையும் சேர்த்தே வழங்கியது என்பதையும், மரபறிவைத் தொகுக்கும் ஆய்வுகளில் அம்முறை விடுபடுவதால் நேரும் விளைவையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நலங்குமா, கார்போகரிசி, சோராலென், பாகுச்சியோல், குளியல் மரபு, மரபறிவு ஆவணமாக்கம்.

முன்னுரை

வேதிப்பொருள் கலவாதது, மூலிகையால் ஆனது, பாட்டி காலத்துப் பக்குவம் என்னும் தொடர்களோடு தோல் பராமரிப்புப் பொருள்கள் இன்று விற்பனைக்கு வருகின்றன. இவற்றுக்குச் சான்றாக நம் இலக்கியங்களும் சித்த மருத்துவ நூல்களும் சுட்டப்படுகின்றன. பழந்தமிழர் மூலிகைகளைக் கொண்டு மேனியைப் பேணினர் என்பது உண்மை. ஆயின், மூலிகை என்பதனாலேயே அது தீங்கற்றது என்று அவர்கள் கருதினர் என்பதற்கு அந்நூல்கள் சான்றாகமாட்டா. இவ்வேறுபாட்டைத் தெளிவுபடுத்தக் கார்போகரிசி தக்கதொரு சான்றாக அமைகிறது.

இலக்கியங்களில் குளியற்பொருள்கள்

சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி கூந்தலை ஆட்டும் நீர், பத்து வகைத் துவரும் ஐந்து வகை விரையும் முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறிய நீராகக் காட்டப்படுகிறது. அடியார்க்கு நல்லார் உரையின்படி, துவர் பத்தாவன: பூவந்தி, திரிபலை எனப்படும் கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய், கருங்காலி, நாவல், நாற்பால் மரங்களாகிய ஆல், அரசு, அத்தி, இத்தி என்பன. கொட்டம், துருக்கம், தகரம், அகில், ஆரம் ஆகியவை விரை ஐந்து. பூவந்தி என்பது நுரைக்கும் தன்மையுடைய கொட்டை. துவர்ப்புச் சரக்குகளும் மணச் சரக்குகளும் அதனோடு சேர்கின்றன. அழுக்கு நீக்குதல், இறுக்குதல், மணமூட்டுதல் என ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு பணி உண்டு எனலாம்.

இங்குக் கருதத்தக்கது பொருள்களின் எண்ணிக்கை மட்டுமன்று, அவற்றின் வரிசையும் ஆகும். சரக்குகள் முதலில் நீரில் ஊறுகின்றன. அந்நீரால் கூந்தல் ஆட்டப்படுகிறது. பின்னர் நறும்புகையில் உலர்த்தப்படுகிறது. அதன் பின்னரே மான்மதச் சாந்து ஊட்டப்படுகிறது. ஊறுதல், ஆட்டுதல், புலர்த்துதல், ஊட்டுதல் என ஒவ்வொரு பொருளுக்கும் உரிய வினை தனித்தனியே உள்ளது.

பருவமும் இதில் பங்கு பெறுகிறது. நெடுநல்வாடையில் நக்கீரர் காட்டும் கூதிர்க்காலத்தில், தென்னாட்டுச் சந்தனமும் அதனை அரைக்கும் வட்டக்கல்லும் பயன்கொள்ளப்படாது கிடக்கின்றன. குளிர்ச்சி தரும் சாந்து வேனிலுக்கு உரியது; கூதிருக்கு ஏற்றதன்று. தேரையர் பெயரில் வழங்கும் நோயணுகா விதி, நான்கு நாளுக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கையும், அம்முழுக்கிற்கு வெந்நீரையும் விதிக்கிறது. எண்ணெய் நல்லது என்று மட்டும் கூறி அந்நூல் அமையவில்லை. கால இடைவெளியையும் நீரின் வெம்மையையும் உடன் கூறுகிறது.

நலங்குமாவில் கார்போகரிசி

நலங்குமா இம்மரபின் தொடர்ச்சியாக இன்றும் வழக்கில் உள்ளது. பாசிப்பயறு, சந்தனம், வெட்டிவேர், விலாமிச்சு வேர், கோரைக்கிழங்கு, கிச்சிலிக்கிழங்கு, கார்போகரிசி ஆகியவை சேர்ந்த பொடி இது. பாசிப்பயற்று மாவு அழுக்கையும் எண்ணெயையும் ஈர்க்கிறது. வேர்களும் கிழங்குகளும் மணம் தருகின்றன. தோல் நோய்களுக்கு உரிய சரக்காகக் கார்போகரிசி சேர்கிறது.

கார்போகரிசி என்பது ‘அரிசி’ எனப் பெயர் பெற்றிருப்பினும் தானியம் அன்று. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த ‘சோராலியா கோரிலிஃபோலியா’ என்னும் செடியின் கருநிற விதை அது. வடமொழியில் இதற்குப் பாகுசி என்று பெயர். வெண்குட்டம், சொறி, சிரங்கு ஆகியவற்றுக்கு இது நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. சோராலென், பாகுச்சியோல் என்னும் அறிவியற் பெயர்கள் இரண்டும் இச்செடியின் பெயர்களை ஒட்டி அமைந்தவையே.

நலங்குமாவைக் குறிக்கும் வழக்கில் ‘தேய்த்துக் குளித்தல்’ என்பதே வினை. சந்தனத்தைப் ‘பூசுவர்’, மருந்தெண்ணெயைத் ‘தடவுவர்’, நலங்குமாவைத் ‘தேய்த்துக் குளிப்பர்’. தேய்த்தபின் கழுவப்பட வேண்டிய பொருள் என்பதை இவ்வினையே உணர்த்திவிடுகிறது. தோலில் தங்கும் நேரம் குறைவு. ஏழு சரக்குகளுள் ஒன்றாதலால் கார்போகரிசியின் அளவும் அடங்கியது.

ஒரு விதை, இரு மூலக்கூறுகள்

பாகுச்சியோல் இன்று பெரிதும் பேசப்படுவதற்குக் காரணம், வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த ரெட்டினாலுக்கு மாற்றாக அது முன்வைக்கப்படுவதே. 2019ஆம் ஆண்டு பிரித்தானியத் தோல் மருத்துவ இதழில் வெளியான ஆய்வொன்றில் 44 பேர் 12 வாரங்கள் பங்கேற்றனர். ஒரு சாரார் 0.5 விழுக்காடு பாகுச்சியோல் களிம்பை நாளுக்கு இருமுறையும், மறுசாரார் 0.5 விழுக்காடு ரெட்டினால் களிம்பை நாளுக்கு ஒருமுறையும் பயன்படுத்தினர். முகச் சுருக்கமும் கருந்திட்டும் இரு சாராரிடமும் குறைந்தன. குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. தோல் உரிதலும் எரிச்சலும் ரெட்டினால் பயன்படுத்தியோரிடம் மிகுதியாக இருந்தன. பங்கேற்றோர் தொகை சிறிது எனினும், சந்தையின் ஆர்வத்திற்கு இம்முடிவு வலுச்சேர்த்தது.

இவ்வாய்வில் பயன்பட்டது பிரித்தெடுக்கப்பட்ட பாகுச்சியோலே ஒழிய, அரைத்த விதை அன்று. விதையில் சோராலென், ஐசோசோராலென் என்னும் ஃபியூரோகூமரின்களும் உள்ளன. பாகுச்சியோலைப் போலவே இவையும் நீரில் எளிதில் கரைவதில்லை, எண்ணெயில் கரைகின்றன. எனவே விதையை எண்ணெயில் ஊறவைத்தால் பாகுச்சியோல் மட்டும் தனியே இறங்கி வருவதில்லை. சோராலென்களும் உடன் வருகின்றன. விலை உயர்ந்த களிம்புக்கு மாற்றாகக் கார்போகரிசியை எண்ணெயில் ஊறவைத்து முகத்தில் பூசுக எனக் கூறும் வீட்டுக் குறிப்புகள் இந்த உண்மையைக் கருத்தில் கொள்வதில்லை.

வெயிலின் பங்கு

சோராலென் இருளில் தீங்கு செய்வதில்லை. 320 முதல் 400 நானோமீட்டர் வரையுள்ள புறஊதா ‘ஏ’ கதிர் படும்போது அது தோல் உயிரணுக்களின் மரபுப்பொருளோடு பிணைந்து, அதன் இரு இழைகளையும் குறுக்கே கட்டிவிடுகிறது. உயிரணு சிதைகிறது, தோல் சிவந்து கொப்புளிக்கிறது, புண் ஆறியபின் கருமை வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ நீடிக்கிறது. கருந்திட்டைப் போக்க எண்ணிப் பூசியவருக்குக் கருந்திட்டே எஞ்சுகிறது.

இப்பண்பே மருத்துவத்தில் பயனும் ஆகிறது. எகிப்தில் விளையும் மற்றொரு சோராலென் செடியைக் கொண்டு வெண்குட்டத்திற்குச் சிகிச்சை அளித்த அனுபவத்தை 1948இல் எல் மோஃப்டி வெளியிட்டார். 1974இல் சோராலென் மாத்திரையும் புறஊதா ‘ஏ’ கதிரும் இணைந்த சிகிச்சை சொரியாசிஸ் நோய்க்குப் பயன்படுவது எடுத்துக்காட்டப்பட்டது. இச்சிகிச்சையில் மருந்தின் அளவும் கதிரின் அளவும் கணக்கிடப்பட்டே தரப்படுகின்றன. கணக்கின்றி நேரும்போது அதுவே தீப்புண்ணுக்கு ஒப்பாகிறது.

இதில் மூன்று செய்திகள் நடைமுறையில் ஏமாற்றக்கூடியவை. முதலாவது, காலம். சாதாரண வெயிற்புண் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் உச்சத்தை அடைகிறது. சோராலென் புண்ணோ இரண்டு மூன்று நாள் கழித்தே உச்சமடைகிறது. அதனால் பாதிக்கப்பட்டவர் காரணத்தை வேறிடத்தில் தேடுகிறார். இரண்டாவது, இது ஒவ்வாமை அன்று. போதிய அளவு சோராலெனும் போதிய வெயிலும் சேர்ந்தால் எவருக்கும் நேரக்கூடியது. மூன்றாவது, முன்சோதனை. முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவிப் பார்த்துத் தீங்கில்லை என முடிவு செய்வது வழக்கம். நிழலில் இருக்கும் தோலில் செய்யப்படும் அச்சோதனை, வெயிலால் நேரும் தீங்கை வெளிப்படுத்தாது.

அவ்வாறாயின் நலங்குமா முற்றிலும் பாதுகாப்பானதா என்னும் வினா எழும். கழுவிவிடுவதால் தீங்கே இல்லை என்று கூறுவதும் பொருந்தாது. மிக நீர்த்த சோராலென் கரைசலில் நோயாளியைச் சிறிது நேரம் அமரச் செய்து, உடனே கதிர் பாய்ச்சும் குளியல்முறைச் சிகிச்சையும் மருத்துவத்தில் உண்டு. சிறு அளவும் குறுகிய நேரமும்கூடத் தோலைக் கூர்மையாக்கப் போதும் என்பதை இது காட்டுகிறது. ஆகவே கார்போகரிசியின் அளவைக் கூட்டாதிருத்தல், நெடுநேரம் ஊறவிடாதிருத்தல், நன்கு அலசுதல், குளித்தவுடன் கடும் வெயிலில் நில்லாதிருத்தல் ஆகியவை வேண்டும். மரபு முறை தீங்கைக் குறைக்கிறது, அறவே நீக்கிவிடுவதில்லை.

‘இயற்கை’, ‘ஆர்கானிக்’ என்னும் அடைகள்

இயற்கை வேளாண்மைச் சான்று, ஒரு பயிர் எவ்வாறு விளைவிக்கப்பட்டது என்பதைக் கூறுகிறது. பூச்சிக்கொல்லி எச்சம் குறைவதற்கு அது உதவும். ஆயின் செடி தானே ஆக்கிக்கொள்ளும் பொருளைப் பற்றி அது யாதும் கூறாது. ஃபியூரோகூமரின்கள் செடிகளின் தற்காப்புப் பொருள்கள். செலரிக் கீரையில் பூஞ்சை தாக்கும்போது அவை பெருகுகின்றன. அமெரிக்காவில் அக்கீரையைக் கையாண்ட கடைப் பணியாளர்களுக்குக் கைகளில் கொப்புளங்கள் ஏற்பட்டமை மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியுள்ளது. எலுமிச்சைச் சாற்றைத் தோலில் தடவி வெயிலில் செல்வோருக்கு நேரும் புண்ணும் இவ்வகையினதே. ஐரோப்பிய ஒன்றியத்தின் அழகுப்பொருள் சட்டம், வெயில் காப்புப் பூச்சுகளிலும் தோலை வெண்கல நிறமாக்கும் பூச்சுகளிலும் ஃபியூரோகூமரின்கள் கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கும் குறைவாக இருத்தல் வேண்டும் என வரையறுக்கிறது. செடியிலிருந்து வந்ததா, ஆலையிலிருந்து வந்ததா என்பதை அன்று, எவ்வளவு உள்ளது என்பதையே அவ்வரையறை அளக்கிறது.

ஆவணமாக்கத்தில் விடுபடும் வினை

இச்சிக்கலில் ஆய்வாளர்களாகிய நமக்கும் பங்குண்டு. நாட்டு மருத்துவம், வழக்காற்றியல் சார்ந்த ஆய்வேடுகளின் பின்னிணைப்புகளில் ‘சரக்கின் பெயர் – தீரும் நோய்’ என்னும் இருபத்தி அட்டவணை பெரிதும் காணப்படுகிறது. ‘கார்போகரிசி – தோல் நோய்’ என்று அதில் ஒரு வரி இடம்பெறும். எப்பகுதி, எவ்வளவு, எதில் குழைத்து, எவ்வளவு நேரம், எப்பொழுது, எவர்க்கு ஆகாது என்பவை அவ்வரியில் இரா. தகவலாளி தேய்த்துக் குளிக்கச் சொன்னாரா, பூசி விடச் சொன்னாரா என்பதும் இராது. அவ்வட்டவணையிலிருந்து எடுத்தாள்பவர் விடுபட்ட இடத்தைத் தம் விருப்பம்போல் நிரப்பிக்கொள்கிறார். குளித்துக் கழுவ வேண்டிய விதை, இரவும் பகலும் முகத்தில் தங்கும் எண்ணெயாக மாறுவது இவ்வாறே.

ஆகவே களப்பணியில் பெறப்படும் பக்குவங்களைத் தகவலாளியின் வினைச்சொல்லோடு பதிவு செய்தல் இன்றியமையாதது. பூசுதல், தடவுதல், அப்புதல், தேய்த்தல், ஒற்றுதல், புகைத்தல் என்பவற்றை ‘பயன்படுத்துதல்’ என்னும் ஒரே சொல்லில் அடக்குவது பொருளிழப்பு ஆகும். அளவும் கால நேரமும் விலக்கும் தனிப் பத்திகளாக அட்டவணையில் இடம்பெறல் வேண்டும். தாவரவியற் பெயரும் உடனிருத்தல் நலம்.

முடிவுரை

கார்போகரிசி நன்மை பயக்கும் விதையும் ஆம். புண்ணாக்கும் விதையும் ஆம். இவ்விரண்டில் எது நேரும் என்பதை அதன் இயற்கைத்தன்மை முடிவு செய்வதில்லை. அளவும் ஊடகமும் நேரமும் வெயிலுமே முடிவு செய்கின்றன. மாதவியின் கூந்தல் நீர் முதல் நலங்குமா வரை நம் மரபு பொருளை வினையோடும், வினையைக் காலத்தோடும் இணைத்தே வழங்கியுள்ளது. வினையை நீக்கிப் பொருளை மட்டும் எடுத்துக்கொள்வது மரபைப் போற்றுவது ஆகாது. மரபின் பாதியை இழப்பதாகும். நம் தொகுப்புகளில் அப்பாதியும் இடம்பெறுமாயின், அவற்றை நம்பிப் பயன்படுத்துவோரின் மேனிக்கு அது காப்பாக அமையும்.