கோட்டைக் கதவை அடைத்திருந்தால்...?
வேலூரில் புலிக்கொடி பறந்த அரை நாள்

1806-ம் ஆண்டு ஜூலை மாதம் 10-ந் தேதி. நள்ளிரவு கழிந்துவிட்டது. வேலூர்க் கோட்டைக்குள் வெள்ளைக்காரப் பட்டாளம் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது.

திடீரென்று துப்பாக்கி வெடிச் சத்தம்! திடுக்கிட்டு விழித்தவர்களில் பலர் படுக்கையிலேயே மாண்டார்கள். கோட்டைத் தளபதி கர்னல் பான்கோர்ட்டும் சுடப்பட்டு இறந்தார்.

சுட்டவர்கள் யார்? கம்பெனியின் சம்பளம் வாங்கிய நம் நாட்டுச் சிப்பாய்கள்தான். பொழுது விடிந்தபோது கொடிமரத்தில் மைசூர்ப் புலிக்கொடி பறந்தது!

மைசூர்க் கொடி வேலூருக்கு எப்படி வந்தது? 1799-ல் திப்பு சுல்தான் போரில் மடிந்தார். அவருடைய பிள்ளைகளையும் குடும்பத்தாரையும் கம்பெனியார் இந்தக் கோட்டையில்தான் காவலில் வைத்திருந்தார்கள். கலகத்துக்கு முதல் நாள் திப்புவின் மகள் ஒருத்திக்கு இங்கே கலியாணம். கலியாணக் கூட்டத்தோடு கூட்டமாகக் கலகத் திட்டமும் நடந்தது.

தோல் குஞ்சம்

சிப்பாய்களுக்கு ஏன் அவ்வளவு கோபம்? நெற்றியில் சமயக் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது என்று உத்தரவு. அத்தோடு புதுமாதிரித் தலைப்பாகை ஒன்று. அதில் தோலால் செய்த குஞ்சம்!

"தோலுக்காகவா சண்டை?" என்று ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வாசகர்கள் கேட்கலாம். தோல் பதனிட்டுப் பிழைக்கும் ஊர்களாயிற்றே! நியாயமான கேள்விதான். ஆனால் காலில் செருப்பாகப் போடும் தோல் வேறு. அதிகாரி கட்டளையிட்டுத் தலையில் ஏற்றும் தோல் வேறு. பார்வைக்கு அது வெள்ளைக்காரன் தொப்பி மாதிரி இருந்தது. நம்மைக் கிறிஸ்தவராக்கப் பார்க்கிறார்கள் என்று இந்துவும் அஞ்சினான், முஸ்லிமும் அஞ்சினான். மறுத்தவர்களில் இந்து ஒருவரையும் முஸ்லிம் ஒருவரையும் கசையால் அடித்து வேலையை விட்டு நீக்கினார்கள். அந்த அடி எல்லோர் முதுகிலும் விழுந்தது போல் ஆயிற்று.

நழுவிய வெற்றி

கோட்டை கைக்கு வந்ததும் சிப்பாய்களில் பலர் கொள்ளையில் இறங்கிவிட்டார்கள். வெளி வாசல்களைக் காக்க ஆளில்லை! இதைவிடப் பெரிய தவறு வேறு இல்லை.

செய்தி 16 மைல் தூரத்திலிருந்த ஆற்காட்டுக்குப் பறந்தது. அங்கே குதிரைப்படைத் தளபதி கில்லெஸ்பி இருந்தார். முந்தின நாள் மாலை அவர் பான்கோர்ட் வீட்டு விருந்துக்கு வேலூர் வந்திருக்க வேண்டியவர். ஏதோ அலுவல் வந்து ஆற்காட்டிலேயே தங்கிவிட்டார். வந்திருந்தால் அவர் கதையும் அன்றிரவே முடிந்திருக்கும்!

அவர் முதலில் சுமார் 20 பேரோடு பாய்ந்து வந்தார். கயிற்றைப் பிடித்து மதில் ஏறினார். பின்னால் பீரங்கி வந்ததும் உள் கதவைப் பிளந்தார்கள். குதிரைப்படை உள்ளே பாய்ந்தது. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் மாண்டார்கள். அரண்மனையில் ஒளிந்த சுமார் 100 பேரை இழுத்து வந்து சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள்.

வாசல்களையெல்லாம் அடைத்துக் காத்திருந்தால்? 1780 முதல் 1782 வரை ஹைதர் அலியின் பெரும்படை முற்றுகையிட்டும் பிடிக்க முடியாத கோட்டை இது. அகன்ற அகழி, கருங்கல் மதில். குதிரைப்படை மட்டும் என்ன செய்யும்? சில வாரமாவது கொடி இறங்கியிருக்காது. அதே மாதம் ஹைதராபாத் பட்டாளத்திலும் தலைப்பாகைக் குமுறல் இருந்தது. நெருப்பு பரவியிருக்கலாம்.

ஆனால் கம்பெனி ஆட்சியே வீழ்ந்திருக்குமா? எனக்கு நம்பிக்கை இல்லை. மேற்கத்திப் பேரரசைக் கீழ்த்திசை நாடு முறியடித்தது உண்டு. கி.மு. 53-ல் ரோமாபுரித் தளபதி கிராசஸ் பார்த்திய நாட்டின்மீது படையெடுத்தான். காரே என்ற இடத்தில் பார்த்தியரின் குதிரை வில்லாளிகள் அம்பு மாரி பொழிந்து அவன் படையை அழித்தார்கள், அவனும் மாண்டான். ஆனால் பார்த்தியருக்குச் சொந்த அரசன் உண்டு, பரந்த நாடு உண்டு, ஓடிஓடி அடிக்கக் குதிரைகள் உண்டு. வேலூர்ச் சிப்பாய்களிடம் இருந்தது ஒரே ஒரு கோட்டை. திப்புவின் பிள்ளைகளில் படை நடத்த முன்வந்தவர் எவரும் இல்லை.

கலகத்துக்குப் பின் திப்பு குடும்பத்தாரைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். சென்னைக் கவர்னர் பெண்டிங்க் 1807-ல் சீமைக்குத் திருப்பி அழைக்கப்பட்டார். தோல் குஞ்சம் வைத்த அந்தத் தலைப்பாகை உத்தரவு? அது கலகம் நடந்த அதே ஜூலை மாதத்திலேயே ரத்தாகிவிட்டது!