விசா முடிவுக்குக் காத்திருப்பவர் கடல் கடக்கலாமா?

டிசம்பர் விடுமுறை நெருங்கும் இந்நாட்களில், பிரிட்டனில் கணவனையோ மனைவியையோ முன்னிட்டுப் பெற்ற விசாவில் வசிப்பவர்கள், நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட்டு முடிவு வருவதற்குள் சென்னைக்கோ கொழும்புக்கோ ஒருமுறை போய்வரலாமா என்று கேட்டு எழுதும் கடிதங்கள் வந்தவண்ணம் இருக்கின்றன. டிக்கெட் சலுகை இவ்வெள்ளியோடு முடிவதால் அதற்குள் பதில் வேண்டும் என்கிறார் ஒரு வாசகர். பாஸ்போர்ட்தான் கையில் இருக்கிறதே, பிறகென்ன தடை என்கிறார் மற்றொருவர். சம்பளக் கணக்கு, ஆங்கிலப் பரீட்சை முதலியவற்றை விண்ணப்பித்தவர்கள் நன்கறிவார்கள். ஆகையால் அவற்றை விட்டுவிட்டு, பிரயாண விஷயத்துக்கு மட்டும் வருகிறேன். போகக் கூடாது என்பதே பதில்.

பழைய விசா காலாவதியாகுமுன் விண்ணப்பித்த ஒருவர், சர்க்கார் முடிவு சொல்லத் தாமதித்த குற்றத்துக்காகச் சட்டவிரோதமாகத் தங்கியவர் ஆகிவிடக் கூடாது என்ற நியாயமான நோக்கத்தோடு, 1971-ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தில் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டது 3சி என்னும் பிரிவு. அது பழைய அனுமதியை அதே நிபந்தனைகளோடு, எவருடைய உத்தரவும் இன்றி, தானாகவே நீட்டித்து வைக்கிறது. வேலையில் தொடரலாம், வாடகைக்கு வீடு பிடிக்கலாம். ஆனால் இந்தப் பாதுகாப்பைப் பிரத்தியட்சமாகக் காட்ட அத்தாட்சி ஒன்றும் தரப்படாமையால் வேலை இழந்து தவித்தவர்கள் உண்டு. அவர்களுக்கு மின்வழி அத்தாட்சி வழங்கத் தவறியது சட்டவிரோதம் என்று லண்டன் உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் தீர்ப்பளித்தது. கண்ணுக்குப் புலப்படாத இந்த அனுமதி, அதை உடையவர் ஐக்கிய ராஜ்ஜியத்தை விட்டுப் புறப்பட்ட கணமே அற்றுப்போகும் என்று அதே பிரிவு கூறுகிறது.

அதோடு நின்றதா என்றால் இல்லை. குடிவரவு விதிகளின் 34கே பத்தியின்படி, முடிவு வருமுன் விண்ணப்பதாரர் பொதுப் பிரயாண மண்டலத்தை, அதாவது ஐக்கிய ராஜ்ஜியம், அயர்லாந்து, மான் தீவு, கால்வாய்த் தீவுகள் ஆகியவற்றின் எல்லையைக் கடந்தால், கடந்த அந்தத் தேதியிலேயே விண்ணப்பம் வாபஸ் பெறப்பட்டதாகக் கருதப்படும். இந்த ஏற்பாட்டின் சூட்சுமமே என்னைக் கலங்க வைக்கிறது. தந்தையின் கருமாதிக்காகப் புறப்பட்ட ஒரு பெண், தன் இல்வாழ்க்கைக்கான விண்ணப்பத்தைத் தானே மனமுவந்து திரும்பப் பெற்றுக்கொண்டாள் என்று சர்க்கார் கற்பித்துக்கொள்கிறது. நிராகரிப்பு என்ற ஒன்று நிகழாமையால், மேல்முறையீடு செய்ய எதிரே ஒரு தீர்மானமும் இல்லாமற் போகிறது. சுகாதார வரி திரும்பக் கிடைக்கும். கைரேகை கொடுத்தபின் விண்ணப்பக் கட்டணம் திரும்பாது. இத்தகையோர் போய்வருவதற்கென்று அமெரிக்கா முன்கூட்டிய பிரயாண அனுமதி ஒன்றையும், ஆஸ்திரேலியா பிரிட்ஜிங் விசா பி என்பதையும் வைத்திருக்கையில், பிரிட்டன் மட்டும் அப்படியொரு தாளைத் தர மறுப்பதற்கு நியாயம் எதுவும் எனக்குப் புலப்படவில்லை.

முன்பெல்லாம் பாஸ்போர்ட்டை உள்துறையே வைத்துக்கொள்ளும். பிரயாணத்துக்காக அதைக் கேட்டு வாங்கினாலே விண்ணப்பம் வாபஸ் என்று விதி இருந்ததால், கேட்கும்போதே எச்சரிக்கையும் கிடைத்தது. இப்போதோ கைரேகை எடுக்கும் நிலையத்தில் உத்தியோகஸ்தர் பாஸ்போர்ட்டின் பக்கங்களைப் படமெடுத்துவிட்டு மேஜைமேலேயே திருப்பித் தந்துவிடுகிறார். ஹீத்ரோவில் வெளியேறுபவரை நிறுத்தி விசாரிக்கும் குடிவரவு மேஜை கிடையாது. ஆகவே விபரீதம் தெரியவருவது, திரும்பும் நாளன்று மீனம்பாக்கத்தில், பெட்டிகளைத் தராசில் ஏற்றியபின், விமான நிறுவன ஊழியர் கணினியைப் பார்த்துவிட்டு, பிரிட்டனில் நுழைய உங்களுக்கு அனுமதி இல்லையே என்று சொல்லும்போதுதான். அதன்பின் வெளிநாட்டிலிருந்து புதிதாக விண்ணப்பித்து, கட்டணங்களையெல்லாம் மறுபடி கட்ட வேண்டும்.

ஒரு பேதத்தைக் கவனிக்க வேண்டும். பழைய விசா இன்னும் காலாவதியாகாதிருந்தால், வெளியே போவதால் விண்ணப்பம் போகுமேயன்றி அந்த விசா போகாது. அதன் தவணைக்குள் திரும்பிவந்து மறுபடி விண்ணப்பிக்கலாம், கட்டணந்தான் நஷ்டம். ஆதலால் விசாவில் காலம் மிச்சமுள்ளவர்கள் முதலில் ஊருக்குப் போய்வந்து, பிறகு விண்ணப்பிப்பதே க்ஷேமம்.

மற்றக் கேள்விகளுக்கு வருவோம்.

டப்ளினுக்குப் போகலாமா? விண்ணப்பம் பிழைக்கும், ஆனால் பழைய விசா முடிந்திருந்தால் 3சி பாதுகாப்பு போய்விடும்.

எடின்பரோ, பெல்ஃபாஸ்ட்? தாராளமாக.

பெற்றோர் மரணப் படுக்கையில் இருந்தால்? விதியின் வாசகத்தில் அதற்கும் விலக்கு இல்லை.

விரைவுச் சேவை உதவுமா? அதற்குத் தகுதியுள்ளவர்கள் விண்ணப்பிக்கும்போதே கூடுதலாக 1,000 பவுன் கட்டினால், கைரேகை கொடுத்தபின் மறு வேலைநாளில் முடிவு தருவதாக உள்துறை சொல்கிறது. அந்த வாக்கை நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள்.

நிரந்தர வாசத்துக்கு விண்ணப்பித்தவர்? இதே விதி.

நிரந்தர வாசம் பெற்றபின் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்தவர்? போகலாம்.

முதல் விசாவுக்குச் சென்னையில் காத்திருப்பவர் சிங்கப்பூர் போகலாமா? பாஸ்போர்ட் கையிலிருந்தால் போகலாம்; இந்த விதி அவரைக் கட்டாது.

பிரிட்டிஷ் பிரஜையான கணவர் மட்டும் போனால்? தடையில்லை.