தடுத்தாளுங் கட்டும் புதுச் சீட்டும்

சீட்டாட்டம் என்ற சொல்லைக் கேட்டவளவிலே முகஞ் சுளிக்கும் பெரியோர் நம்மிடையே இன்றும் உளர். அவர்தம் அச்சம் முற்றுங் காரணமற்றதென்று கூறுதற்கில்லை. எனினும் ஈண்டு யாம் எடுத்துக்கொண்ட ஆட்டம் அளந்தறிதல், ஒப்பிட்டறிதல், எண்ணித் துணிதல் ஆகிய அறிவுத்தொழில்கள் பலவற்றுக்கு இடந்தருவதொன்று. 'மஜிக் த கதறிங்' என்பது அதன் பெயர். அமெரிக்க நாட்டுக் கணிதவறிஞராகிய றிச்சேட் காபீல்ட் என்பார் வகுத்த இவ்வாட்டத்தை விசாட்ஸ் ஒவ் த கோஸ்ட் என்னும் நிறுவனம் 1993ஆம் ஆண்டில் வெளியிட்டது. தொடக்கத்தில் ஒவ்வொருவரும் ஒரு சீட்டைப் பணயமாக வைத்தாடும் விதியும் இதற்கு இருந்தது. அது நெடுங்காலம் நிலைக்கவில்லை என்பது மேற்கூறிய பெரியோர்க்கு ஓர் ஆறுதலாகலாம்.

நம்மவர் நன்கறிந்த 304 என்னும் ஆட்டத்திற் சீட்டின் மதிப்பு விதியினாலேயே வரையறுக்கப்பட்டுள்ளது. ஒன்பது என்னுஞ் சீட்டுக்கு 20, பத்துக்கு 10. யார் கையில் எப்பொழுது வந்தாலும் அம்மதிப்பு மாறாது. மஜிக்கில் அத்தகைய மதிப்பெண் எந்தச் சீட்டுக்கும் இல்லை. ஆடுவோர் ஒவ்வொருவரும் வேண்டிய சீட்டுக்களைத் தாமே தெரிந்து, குறைந்தது 60 சீட்டுக்கொண்ட கட்டொன்றை ஆக்கிக்கொண்டு வருவர். அடிப்படை நிலச்சீட்டுக்கள் தவிர, ஒரே பெயருடைய சீட்டு நான்கிற்கு மேற்படலாகாது. முதலில் 7 சீட்டுக்களைக் கையிலெடுத்து, பின்னர் முறைக்கு ஒன்றாக எடுத்து, முறைக்கு ஒரு நிலம் வைத்து, அந்நிலங்கள் தரும் 'மானா' என்னும் ஆற்றலைச் செலவிட்டு ஏனைய சீட்டுக்களை ஆடுவர். எதிரியின் 20 உயிர்ப்புள்ளிகளைப் போக்குதலே பெரும்பாலும் வெற்றிக்கு வழி. ஆண்டுதோறும் பன்முறை புதுத் தொகுதிகள் வெளிவர, அவற்றோடு நூற்றுக்கணக்கான புதுச் சீட்டுக்களும் வருகின்றன. எவற்றைக் கொள்வது, எவற்றைத் தள்ளுவது என்பதே வினா. கைப்பொருள் சுருங்கிய மாணாக்கனுக்கு இது வெறும் மூளைப்பயிற்சியன்று. தவறாகத் தெரிந்த நான்கு சீட்டு அவனது பல மாதச் சேமிப்பை விழுங்கிவிடக்கூடும்.

கட்டுக்கள் பலவகைப்படும். விரைந்து தாக்கி, எதிரி எழுந்து நிற்குமுன் ஆட்டத்தை முடிப்பது ஒருவகை. எதிரி செய்வனவற்றைத் தடுத்தும் அழித்தும் ஆட்டத்தை நீளச்செய்து, ஈற்றிலே தன் மேம்பாட்டினால் வெல்வது மற்றொருவகை. 'கொன்றோல்' என ஆடுவோர் வழங்கும் இப்பின்னதை யாம் தடுத்தாளுங் கட்டு என்போம். 1990களின் நடுப்பகுதியிற் பிறயன் வைஸ்மன் என்பார் அமைத்த கட்டு இவ்வகைக்கு முன்னோடி. 'த டெக்', அஃதாவது 'கட்டு' என்பதே அதற்கு வழங்கிய பெயர். வேறோர் அடைமொழி வேண்டப்படாத அளவிற்கு அது புகழ்பெற்றிருந்தது. எதிரியை வீழ்த்துதற்கென அதில் முதன்மையாக இருந்தவை 'செறா ஏஞ்சல்' என்னுஞ் சீட்டு இரண்டே. ஏனையவற்றுட் பெரும்பாலன தடுப்பன, அழிப்பன, மேலுஞ் சீட்டுத் தருவன, மானா தருவன. எதிரியின் ஒரு சீட்டுக்குத் தன் ஒரு சீட்டைக் கொடுத்து, இடையிடையே ஒன்றுக்கு இரண்டாகப் பெற்றுக்கொண்டால், எதிரியின் கை வெறிதாகுங் காலத்தில் தன் கை நிறைந்திருக்கும் என்பது அதன் கணக்கு. இதனைச் சீட்டுமிகை என்று கூறலாம்.

புதுச் சீட்டொன்றைக் கண்டவுடன் 'இது வலியதா?' என்று வினவுதல் இயல்பு. தடுத்தாளுங் கட்டினை ஆள்வோனுக்கு அவ்வினாவாற் பெரும்பயன் இல்லை. ஒரு சீட்டைப் படிக்கும்பொழுது நம் மனம் தன்னையறியாமலே நாம் முன்னிலையில் நிற்கும் ஓர் ஆட்டத்தைக் கற்பித்துக்கொண்டு, அங்கே அச்சீட்டு செய்யும் அழகைக் கண்டு மகிழ்கின்றது. இக்கட்டோ ஆட்டத்தின் முற்பகுதி முழுவதும் பின்னிலையிலே நிற்பது. ஆதலால் வினாவை இவ்வாறு அமைத்தல் வேண்டும்: எதிரியின் களத்தில் இரண்டு மூன்று உயிரினங்கள் தாக்குதற்கு நிற்க, எமது களத்தில் நிலங்களன்றி வேறொன்றும் இல்லாத வேளையில் இச்சீட்டு கைக்கு வரின் யாது பயன்? ஏழு மானாச் செலவில் வரும் பெரும் பறவைநாகங்கள் பல இவ்வொரு வினாவிலேயே வீழ்ந்துவிடும்.

அவ்வினாவிற்கு நேர்விடையாக நிற்பது முதற்றொகுதியிலேயே வெளிவந்த 'றாத் ஒவ் கோட்' என்னுஞ் சீட்டு. நான்கு மானாச் செலவிற் களத்திலுள்ள உயிரினங்கள் அனைத்தையும், தன்னுடையன எதிரியுடையன என்ற வேறுபாடின்றி, அது அழித்துவிடும். உயிரினங்களை நிரப்பித் தாக்குவோன் கையில் அது தன் கண்ணைத் தானே குத்தும் கோல். தன் களத்தில் உயிரினமே இல்லாதவன் கையிலோ ஒரு சீட்டாற் மூன்று சீட்டுக்களை வாங்கும் வாணிகம். சீட்டு ஒன்றே, கட்டு வேறானமையால் மதிப்பும் வேறாயிற்று.

எனினும் நல்ல சீட்டென்று தெரிந்தபின் எத்தனை வைப்பது என்ற கேள்வி எஞ்சுகின்றது. இங்கே கணிதம் கைகொடுக்கும். 60 சீட்டுக்கொண்ட கட்டில் ஒரு சீட்டு நான்கு முறை இருப்பின், முதல் ஏழு சீட்டினுள் ஒன்றாயினும் வருதற்கு வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்கு 40. முதலில் ஆடுவோன் நான்காம் முறைக்குள் பத்துச் சீட்டுக்களைக் கண்டிருப்பான். அதற்குள் ஒன்றாயினும் வருதற்கு வாய்ப்பு நூற்றுக்கு 53. நான்கினை இரண்டாகக் குறைப்பின் அது 31 ஆகச் சுருங்கும். ஆகவே நான்காம் முறையில் உயிர்காக்க வேண்டிய சீட்டை இரண்டு வைத்துவிட்டு, அது வரவில்லையென்று ஊழை நோவதிற் பொருளில்லை. மறுதலையாக, ஆட்டத்தை முடித்துவைக்குஞ் சீட்டு காலந்தாழ்ந்தே வேண்டப்படுவது. நீண்ட ஆட்டத்திற் கட்டின் பாதியாகிய முப்பது சீட்டுக்களைக் கண்டோமாயின், இரண்டுமுறை மட்டுமே உள்ள சீட்டும் நூற்றுக்கு 75 அளவில் வந்துசேரும். வைஸ்மன் தம் ஏஞ்சலை இரண்டோடு நிறுத்தியமை இக்கணக்குக்கு இயைந்ததே.

அடுத்து, செலவும் காலமும். 'கவுன்ரர்ஸ்பெல்' என்பது எதிரி ஆட முயலுஞ் சீட்டை நிகழாமலே தடுத்துவிடுவது. செலவு இரண்டு மானா. 2006இல் வெளிவந்த 'கான்சல்' என்பதும் அதனையே செய்யும், செலவு மூன்று. ஒரு மானாத்தானே என்று எண்ணற்க. நான்கு நிலமுடையவன் முன்னதால் ஒரே முறையில் இருகாற் றடுக்கலாம். பின்னதால் ஒருகாலே தடுத்து, மிஞ்சிய ஒரு மானாவை வீணே விடுவான். மேலும், எதிரியின் முறையிலும் ஆடக்கூடிய சீட்டுக்களுக்கும், தன் முறையில் மட்டும் ஆடக்கூடிய சீட்டுக்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு இக்கட்டிற்குப் போல வேறெந்தக் கட்டிற்கும் பெரிதன்று. தன் முறையில் நிலங்களைச் செலவிட்டவன் எதிரியின் முறையில் வெறுங்கையனாகின்றான். தடுப்புச் சீட்டுக் கையிலிருந்தும் மானா இன்மையால் வாளாவிருந்து தோற்றவர்க்கே இதன் கொடுமை தெரியும்.

இனி, விடைச்சீட்டுக்களின் அகலத்தை நோக்குவோம். 2009இல் வெளிவந்த 'டூம் பிளேட்' இரண்டு மானாவிற் கருநிறமல்லாத உயிரினம் ஒன்றை அழிப்பது. 2011இல் வந்த 'கோ போ த துறோட்' அதே செலவிற் கருவிவகை சாராத உயிரினம் ஒன்றை அழிப்பது. இவற்றுட் சிறந்தது எது? தனியே வைத்து நோக்கின் விடையில்லை. பின்னது வெளிவந்த மிறடின் தொகுதிகளிலோ உலோகத்தாலான உயிரினங்கள் நிறைந்திருந்தன. அவற்றின்முன் அச்சீட்டு வாளாக் கிடக்கும். வேறொரு காலத்தில், கருநிற உயிரினங்கள் மிக்க சூழலில், டூம் பிளேட் அவ்வாறே கிடக்கும். தாக்குவோன் சீட்டு எவர்க்கெதிராயினும் தாக்கும். தடுப்போன் சீட்டோ தடுத்தற்குரியது எதிரே வந்தாலன்றிப் பயன்படாது. ஆகையாற் புதுத் தொகுதி வந்ததும் தடுத்தாள்வோன் முதலிற் படிக்கவேண்டியவை தான் வாங்கப்போகுஞ் சீட்டுக்களல்ல. எதிரிகள் வாங்கப்போகுஞ் சீட்டுக்கள். இதனைப் பலர் செய்வதில்லை. மிகக் குறுகிய பயனுடைய விடைகளுக்குக் கட்டின் புறத்தே வைக்கும் 15 சீட்டுக்கொண்ட துணைத்தொகுதியே உரிய இடம்.

புதுச் சீட்டு ஒன்று உள்ளே வரின் பழையதொன்று வெளியே செல்லவேண்டும். 60இல் 26 நிலமாயின் எஞ்சிய இடம் 34. புதியதை ஒன்றுமில்லாமையோடு ஒப்பிட்டு 'நன்று' என்போர் பலர்; அது விட்டுச்செல்லும் பழஞ்சீட்டோடு ஒப்பிடுவோர் சிலரே. அவ்வொப்பீட்டை ஆடிப்பார்த்தே தெளிவோம் என்பர். அதிலும் ஓர் இடர் உண்டு. வெல்வதும் தோற்பதும் சமவாய்ப்பாகவுள்ள ஒரு கட்டு, பத்து ஆட்டத்தில் ஆறோ அதற்கு மேலோ வெல்லுதற்கு வாய்ப்பு நூற்றுக்கு 38 அளவினது. ஏழோ அதற்கு மேலோ வெல்லுதற்கும் 17 உண்டு. எனவே 'புதுச் சீட்டை இட்டபின் பத்திலே ஏழு வென்றேன்' என்பவன் கூற்று சான்றாகாது. வெற்றி தோல்விகளை எண்ணுவதினும், அச்சீட்டு கைக்கு வந்த ஒவ்வொரு வேளையிலும் 'இது பழையதாக இருந்திருப்பின் நலமோ?' என்று தன்னைக் கேட்டு விடையைக் குறித்துவைத்தல் மேல். ஓர் ஆட்டத்தில் ஒருமுறை நிகழும் வெற்றியைவிடக் கையில் வரும் வேளைகள் மிகுதியாதலால், அறிவும் விரைவில் வரும்.

உயிர்ப்புள்ளியை அளவுக்குமேற் போற்றுவதும் தவறான மதிப்பீட்டுக்கு ஒரு காரணம். 1995இல் 'ஐஸ் ஏஜ்' தொகுதியில் வந்த 'நெக்றோபொட்டன்ஸ்' இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. மூன்று கருநிற மானாச் செலவில் வரும் அது, முறைதோறும் சீட்டெடுக்கும் உரிமையைப் பறித்துவிட்டு, ஓர் உயிர்ப்புள்ளிக்கு ஒரு சீட்டு என்ற விலையில் வேண்டியவளவு எடுத்துக்கொள்ள இடந்தரும். கேடு முன்னே தெரிந்தமையாற் பலர் அதனைத் தொடக்கத்திற் பொருட்படுத்தவில்லை. 1996இன் கோடையிலோ அதனைத் தாங்கிய கட்டுக்களே போட்டிகளை ஆண்டன. இருபது புள்ளிகளில் ஒருவனைக் கொல்வது இருபதாவது மட்டுமே; முந்திய பத்தொன்பதும் செலவிடத்தக்க செல்வம் என்பதை அக்கோடை உணர்த்திற்று.

பிறர் தவற்றைக் கூறியவன் தன் தவற்றை மறைத்தல் முறையன்று. 2018இல் 'டொமினாறியா' தொகுதியில் 'ரெபேரி, ஹீறோ ஒவ் டொமினாறியா' என்னுஞ் சீட்டைக் கண்டபொழுது, ஐந்து மானா மிகையென்று யான் தள்ளிவிட்டேன். 2010இல் வந்த 'ஜேஸ் த மைன்ட் ஸ்கல்ப்ரர்' நான்கே மானாவில் எத்துணை செய்தது என்பதும், அதன் ஆற்றல் மிகுதியால் 2011இல் ஒருவகைப் போட்டிகளில் அது தடைசெய்யப்பட்டதும் நினைவிலிருந்தன. நான்கோடு ஐந்தை ஒப்பிட்டேன், ஐந்து தோற்றது. ஆனாற் சீட்டின் இரண்டாம் வரியை யான் சரியாகப் படிக்கவில்லை. ரெபேரி முறைதோறும் ஒரு சீட்டுத் தருவதோடு, அம்முறையின் முடிவில் இரண்டு நிலங்களை மீண்டும் ஆயத்தமாக்குகின்றார். அஃதாவது, ஐந்தைச் செலவிட்டவன் எதிரியின் முறை தொடங்கும்பொழுது இரண்டோடு நிற்பான். அவ்விரண்டும் 'எசென்ஸ் ஸ்கற்றர்' போன்ற தடுப்புச் சீட்டொன்றுக்கோ, எதிரியின் தாக்கும் உயிரினத்தை அடைத்துவைக்கும் 'சீல் அவே' என்பதற்கோ போதும். செலவு பெயரளவில் ஐந்தாயினும் பயனளவில் மூன்று. தன் முறையில் ஆடியவன் வெறுங்கையனாவான் என்று மேலே கூறிய பெருங்குறையை இச்சீட்டு தன்னுள்ளேயே தீர்த்துக்கொள்கின்றது. பின்னிலையில் நிற்கும்பொழுதும் எதிரியின் உயிரினமொன்றை அவன் கட்டின் மேலிருந்து மூன்றாமிடத்தில் தள்ளிவிடும். யான் வகுத்த வினாக்கள் அனைத்திற்கும் அது விடை தந்தது. வினவாமல் விட்டவன் யானே. சில கிழமைகள் அச்சீட்டிடமே தொடர்ந்து தோற்றபின், இருமடங்கு விலை கொடுத்து வாங்கினேன்.

அச்சீட்டின் உண்மையான புதுமை வேறோரிடத்தில் இருந்தது. நிலமல்லாத எதனையும் அதன் உரிமையாளன் கட்டினுள் மூன்றாமிடத்தில் வைக்கும் அவ்வாற்றலை, ரெபேரி தம்மீதே செலுத்தலாம். கட்டு முற்றாகத் தீர்ந்து, எடுக்கச் சீட்டில்லாதவன் தோற்பான் என்பது ஆட்டவிதி. ரெபேரியையுடையவனோ அவரையே மீண்டும் மீண்டும் கட்டினுட் சேர்த்து, எடுத்து, ஆடிக்கொண்டிருப்பான். அவன் கட்டு ஒருநாளும் வெறிதாகாது. எதிரியின் கட்டுத் தீரும். இதனைக் கண்டவர் சிலர், 2018இல் எதிரியை வீழ்த்துஞ் சீட்டு வேறொன்றும் இல்லாத தடுத்தாளுங் கட்டுக்களைப் போட்டிகளுக்குக் கொண்டுசென்றனர். வைஸ்மன் செறா ஏஞ்சலுக்கு ஒதுக்கிய இரண்டு இடத்திலும் அவர்கள் தடுப்புச் சீட்டுக்களையே வைத்தனர்.