சிவப்பு மையைக் கொஞ்சம் ஒளித்து வையுங்கள்!

உங்கள் வீட்டில் இரண்டாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ படிக்கும் குழந்தை இருக்கிறதா? அப்படியானால் இன்று மாலை ஒரு சின்னப் பரீட்சை வைத்துப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று கேளுங்கள். வகுப்புக்குள் குரங்கு புகுந்த கதையை மூச்சு விடாமல் அரை மணி நேரம் சொல்லும். அதையே நாலு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். பென்சிலைக் கடித்துக்கொண்டு விட்டத்தைப் பார்க்கும்!

"பேச்சுக்குக் குறைவில்லை; எழுத மட்டும் சோம்பல்" என்று அலுத்துக்கொள்கிறோம். சோம்பலே அல்ல. பாவம், அந்தக் குழந்தைக்கு ஒரே சமயத்தில் மூன்று வேலைகள். விரல்கள் எழுத்தை வளைக்க வேண்டும். மனசு விஷயத்தைத் தேட வேண்டும். போதாததற்கு, வீட்டுப் பேச்சைப் புத்தகத் தமிழாகவும் மாற்றியாக வேண்டும்.

முதலில் விரல்களைக் கவனிப்போம். விஜயதசமியன்று தட்டில் அரிசியைப் பரப்பி, கையைப் பிடித்து 'அ' எழுத வைக்கிறோம். மங்கலமான ஆரம்பந்தான். ஆனால் சுழியும் வளைவும் கோடும் சேர்ந்த 'அ' பிஞ்சு விரலுக்குச் சுலபமானதல்ல. அதனால்தான் அனுபவமுள்ள ஆசிரியைகள் நேர்கோடுகளாலான ட, ப இரண்டையும் முதலில் பழக்கிவிட்டு, பிறகு 'ம' என்று வளைவுக்கு வருகிறார்கள். 'படம்', 'பட்டம்' என்று சொற்களும் உடனே கைக்கு வந்துவிடுகின்றன.

247 எழுத்துக்களா என்று மலைக்கவும் வேண்டாம். காலும் கொம்பும் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. தும்பிக்கை போல் வளைந்த பழைய 'லை' பாட்டிமார்களுக்கு நினைவிருக்கும். 1978-ல் தமிழக அரசு செய்த எழுத்துச் சீர்திருத்தத்தில் அதுவும், ணா, றா, னா முதலிய பழைய வடிவங்களும் மாறி, மற்ற எழுத்துக்களோடு ஒழுங்காகச் சேர்ந்துகொண்டன. கு, டு, மு, கூ, டூ, மூ என்று போகும் 36 எழுத்துக்கள்தாம் இன்னும் பல தினுசாக உருமாறுகின்றன. அவற்றுக்குக் கூடுதலாக நாள் கொடுங்கள்.

விரல்கள் பழகிய பிறகுதான் பெரிய சங்கடம் வருகிறது. "குரங்கு வந்துடுச்சு" என்று குழந்தை எழுதுகிறது. உடனே நாம் சிவப்பு மையால் ஒரு சுழி. 'ற'வுக்கு 'ர' போட்டால் இன்னொரு சுழி. 'ள', 'ழ' தவறினால் மேலும் இரண்டு. நாலு நாளில் குழந்தை ஒரு தந்திரம் கற்றுக்கொள்கிறது: நிச்சயமாகத் தெரிந்த சொற்களை மட்டும் எழுதினால் சுழி விழாது! 'பசு ஒரு வீட்டு விலங்கு. அதற்கு நான்கு கால்கள் உண்டு.' ஒரு பிழைகூட இல்லை. ஆனால் அதில் உங்கள் குழந்தையும் இல்லை. குரங்கு எங்கேயோ ஓடிப்போய்விட்டது.

இது நம் வீடுகளில் மட்டும் உள்ள தொல்லை அல்ல. நியூஜிலாந்தில் மாவோரிக் குழந்தைகளுக்கு ஆசிரியையாக இருந்தவர் சில்வியா ஆஷ்டன்-வார்னர். பாடப் புத்தகத்தில் வந்த வாழ்க்கைக்கும் அந்தக் குழந்தைகளின் வாழ்க்கைக்கும் சம்பந்தமே இல்லை என்று அவர் கண்டார். ஆகவே, எந்தச் சொல் வேண்டும் என்று குழந்தையையே கேட்டு, அதை ஓர் அட்டையில் எழுதி அதன் கையில் கொடுத்தார். 'அம்மா', 'பேய்', 'முத்தம்' போன்ற சொற்கள் ஒரே பார்வையில் மனசில் ஒட்டிக்கொண்டன. மறுநாள் நினைவில் நிற்காத அட்டையை விலக்கிவிடுவார். இந்தச் சொந்தச் சொற்களிலிருந்தே வாக்கியங்கள் பிறந்தன. தம் அனுபவங்களை 1963-ல் 'டீச்சர்' என்ற நூலாக அவர் வெளியிட்டார்.

நீங்களும் இதைச் செய்யலாம். குழந்தை சொல்லும் கதையை, அது சொல்கிறபடியே முதலில் நீங்கள் எழுதுங்கள். அதைப் படிக்கச் சொல்லுங்கள். தன் பேச்சே காகிதத்தில் உட்கார்ந்திருப்பதைக் கண்டு வியந்துபோகும். பிறகு அதுவே எழுதட்டும். எழுதியதும் பிழையைத் தேடாமல், "குரங்கு எதைத் தூக்கிக்கொண்டு போயிற்று?" என்று கேளுங்கள். அடுத்த வரி தானே வரும். கடைசியில் ஒரே ஒரு பிழையை மட்டும் எடுத்துக்கொண்டு, 'வந்துடுச்சு' பக்கத்தில் 'வந்துவிட்டது' என்று எழுதி, "அப்படிப் பேசுவோம், இப்படி எழுதுவோம்" என்று சொல்லுங்கள். அன்றைக்கு அது போதும்.

கையெழுத்து நோட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. இரட்டைக் கோட்டில் தினம் பத்து நிமிஷம் எழுதட்டும். அதோடு மளிகைச் சாமான் ஜாபிதாவையும், ஊரிலிருக்கும் பாட்டிக்கு ஒரு கடிதத்தையும் அதனிடமே விட்டுவிடுங்கள். படிக்க ஒருவர் காத்திருக்கிறார் என்று தெரிந்தால் பென்சில் தானாக ஓடும்.

'ர'வும் 'ற'வும் இன்றில்லாவிட்டால் நாளை தத்தம் இடத்துக்கு வந்து சேர்ந்துவிடும். எழுதும் ஆசை ஒரு தடவை கோபித்துக்கொண்டு போய்விட்டால், அதைத் திரும்ப அழைத்து வருவதுதான் கஷ்டம்.