புது டிவியில் வாத்து விழாது: டிவி கேம் துவக்கு எப்படி வேலை செய்கிறது?

கண்டி டவுனில் விளையாட்டுச் சாமான் விற்கும் கடைகளில் டிவி கேம் பெட்டி இன்றும் கிடைக்கிறது. இரண்டு கைப்பிடி, ஓர் அடப்டர், டிவிக்குக் கொடுக்கும் வயர், கூடவே ஒரு பிளாஸ்டிக் துவக்கு. பிள்ளைகள் அடம்பிடிப்பது அந்தத் துவக்குக்காகத்தான். வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினால் மற்ற விளையாட்டெல்லாம் ஒழுங்காக ஓடும். வாத்துச் சுடுவது மட்டும் நடக்காது. துவக்கைத் திரையில் முட்டவைத்துச் சுட்டாலும் வாத்து பறந்து போய்விடும், நாய் எழுந்து நின்று சிரிக்கும். கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனால் அங்கே வைத்திருக்கும் பழைய டிவியில் மாட்டிக் காட்டுவார்கள். வாத்து விழும். துவக்கிலும் பழுதில்லை, வீட்டு டிவியிலும் பழுதில்லை. இரண்டும் வேறு வேறு காலத்துச் சாமான்கள், அவ்வளவுதான்.

ஹந்தானையில், தேயிலை அருங்காட்சியகத்துக்கு ஏறிப்போகும் வீதியோரம் இருக்கும் சித்தி வீட்டில் இரண்டு வகை டிவியும் இருக்கின்றன. முன்னறையில் சுவரில் மாட்டிய எல்.இ.டி.; பின்னறையில், பின்பக்கம் புடைத்த பழைய பெட்டி டிவி. அங்கே ஒரே துவக்கை இரண்டிலும் மாட்டிப் பார்த்தேன். எல்.இ.டி.யில் ஒரு வாத்துகூட விழவில்லை. பின்னறைக்குக் கொண்டுபோனதும், சித்தியின் பேரன் கட்டிலில் உட்கார்ந்தபடியே ஒன்றன்பின் ஒன்றாக விழுத்தினான். தூரமும் குறியும் மாறவில்லை, திரை மட்டும்தான் மாறியது.

விசையை இழுக்கும்போது துவக்கிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை. பலர் நினைப்பதுபோல லேசர் கதிரும் இல்லை. துவக்கின் குழலுக்குள் ஒரு வில்லை, அதன் பின்னால் ஓர் ஒளியுணரி, இவ்வளவுதான் சாமான். வெளிச்சத்தை விடுவது டிவி, அதைப் பிடிப்பது துவக்கு. விசை இழுபட்டதும் விளையாட்டுப் பெட்டி திரை முழுவதையும் ஒரு படத்துக்கு மட்டும் கறுப்பாக்குகிறது. அடுத்த படத்தில் வாத்து இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கட்டத்தைக் காட்டுகிறது. கறுப்பில் இருட்டும் அடுத்த படத்தில் வெளிச்சமும் தெரிந்தால், துவக்கு அந்தக் கட்டத்தை நோக்கித்தான் நின்றது என்று பெட்டி முடிவு செய்கிறது. வாத்து விழுகிறது. இரண்டு வாத்து பறந்தால் முதலாவதற்கு ஒரு படம், இரண்டாவதற்கு இன்னொரு படம். எந்தப் படத்தில் வெளிச்சம் தெரிந்ததோ அந்த வாத்துக்கு அடி.

நமது டிவி முறையில் செக்கனுக்கு 50 படம் வரும். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் 60. ஆகவே நமது முறையில் கறுப்பும் இரண்டு வெள்ளைக் கட்டங்களும் சேர்த்து ஒரு செக்கனின் பதினாறில் ஒரு பங்கு நேரத்தில் முடிந்துவிடும். கண்ணுக்கு அது ஒரு சின்ன மின்னலாகத்தான் படும். முதலில் வரும் அந்தக் கறுப்புப் படம் மிகக் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. துவக்கைத் திரைக்குக் காட்டாமல் மின்குமிழுக்குக் காட்டி ஏமாற்றப் பார்த்தால், கறுப்பு வரவேண்டிய நேரத்திலும் வெளிச்சம் தெரியும். பெட்டி அதைத் தவறிய அடியாகவே எடுத்துக்கொள்ளும்.

பழைய பெட்டி டிவியில் இது நடப்பதற்குக் காரணம் அதன் படக்குழாய். குழாயின் பின்னாலிருந்து வரும் இலத்திரன் கற்றை, கண்ணாடியின் உட்பூச்சில் இடமிருந்து வலமாகக் கோடு கோடாக ஓடிப் படத்தை வரைகிறது. நமது முறையில் செக்கனுக்கு 15,625 கோடுகள். வயரில் சமிக்ஞை வந்த அதே கணத்தில் கற்றை அந்த இடத்தில் இருக்கும். இடையில் காத்திருப்பு கிடையாது. கற்றை பட்ட இடம் பளிச்சென்று எரிந்து உடனே மங்கும். இந்த விளையாட்டைச் செய்த ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனத்தின் அசல் துவக்குக்குள் இருக்கும் சுற்று இந்த வேகமான துடிப்பை மட்டும் உள்ளே விட்டு, அறை விளக்கை வடிகட்டிவிடும்.

எல்.இ.டி. டிவி வேலை செய்யும் விதம் வேறு. வயரில் வந்த பழைய சமிக்ஞையை முதலில் எண்களாக மாற்றி, தன் அளவுக்குப் பெரிதாக்கி, மெருகேற்றி, பிறகுதான் காட்டுகிறது. இதற்குள் பல மில்லிசெக்கன் போய்விடுகிறது. ஒரு படத்தின் ஆயுளே 20 மில்லிசெக்கன். பெட்டி "இப்போது வெளிச்சம் தெரிகிறதா?" என்று கேட்கும்போது, வெள்ளைக் கட்டம் திரைக்கு வந்திருக்காது. அது வந்து சேரும்போது பெட்டி கேட்பதை நிறுத்தியிருக்கும். திரையின் பின்விளக்கும் ஒரே சீராக எரிவதால் துவக்கு தேடும் அந்தத் துடிப்பும் கிடைப்பதில்லை. டிவியின் அமைப்பில் 'கேம் மோட்' போட்டால் தாமதம் குறையும். இந்தத் துவக்குக்கு அதுவும் போதாது.

இந்த விளையாட்டுக்கு நாம் நினைப்பதைவிட நீண்ட வரலாறு உண்டு. 1936இல் அமெரிக்காவின் சீபேர்க் நிறுவனம் கொண்டுவந்த 'ரே-ஓ-லைட்' பொறியிலும் சுடுபட்டது வாத்துத்தான். அதில் துவக்கு வெளிச்சத்தை வீசியது, நகரும் வாத்தில் ஒளியுணரி இருந்தது. ஜப்பானில் 1970இல் நிண்டெண்டோ விற்ற ஒளித்துவக்கும் அதே வகை. ஷார்ப் நிறுவனத்தின் சூரியக்கலங்களை விற்றுக்கொண்டிருந்த மசயுகி உஎமுரா, நிண்டெண்டோவின் விளையாட்டுச் சாமான் வடிவமைப்பாளர் குன்பெய் யொகோயுடன் சேர்ந்தார். வெளிச்சத்தை மின்சாரமாக்கும் அந்தக் கலத்தை இலக்குக்குள் வைத்தார்கள். உஎமுரா பிறகு நிண்டெண்டோவிலேயே சேர்ந்து, நம் ஊர் டிவி கேம் பெட்டிகளுக்கெல்லாம் மூலமான ஃபமிகொம் பெட்டியை வடிவமைத்தார். உலகெங்கும் எத்தனையோ பிள்ளைகளின் மாலை நேரங்களுக்குப் பின்னால் இருப்பவர் அவர். 2021 டிசம்பரில் அவர் இறந்தபோது நம் பக்கத்தில் அந்தப் பெயரை அறிந்தவர்கள் மிகக் குறைவு.

டிவி வீட்டுக்கு வந்ததும் ஏற்பாடு தலைகீழானது. இலக்கு திரையிலேயே ஒளிரும்போது, துவக்கு வெளிச்சம் வீசவேண்டிய தேவை என்ன? 1972இல் வெளிவந்த முதல் வீட்டு விளையாட்டுப் பெட்டியான மக்னவொக்ஸ் ஒடிசிக்கு ஒரு நீளத் துவக்கு தனியாக விற்கப்பட்டது. அதைச் செய்துகொடுத்ததும் நிண்டெண்டோதான். அந்தத் துவக்கை மேசை விளக்கே ஏமாற்றிவிடும். 1984இல் நிண்டெண்டோ கொண்டுவந்த 'டக் ஹன்ட்' என்ற நம் வாத்து விளையாட்டு அந்தக் குறையைத் தீர்த்தது. பெட்டியுடன் சேர்த்தே விற்கப்பட்டதால் அது 2 கோடி 80 இலட்சம் பிரதிகளைத் தாண்டியது. ரஷ்யாவின் டெண்டி, போலந்தின் பெகாசஸ், நம்மூர்க் கடைகளில் பெயர் மாறி மாறி வரும் பெட்டிகள் எல்லாம் ஃபமிகொமின் நகல்களே. துவக்கும் சேர்ந்தே நகலானது.

தெரிந்தவர் குறைவான ஒரு செய்தி: ஒற்றை வாத்து விளையாட்டில், முதல் செருகியில் மாட்டிய கைப்பிடியால் வாத்தைப் பறக்கவிடலாம். துவக்கு இரண்டாவது செருகியில்தான் இருக்கும். அண்ணன் சுட, தங்கச்சி வாத்தை ஓட்டலாம். சித்தி வீட்டில் இதைக் காட்டிய பிறகு துவக்குக்கு நடந்த சண்டை நின்று, கைப்பிடிக்குச் சண்டை தொடங்கியது.

பிளேஸ்டேஷன் வைத்திருந்தவர்களுக்கு நாம்கோவின் 'கன்கொன்' ஞாபகம் இருக்கும். 'டைம் கிரைசிஸ்' விளையாட்டோடு வந்தது. அது கட்டம் காட்டிக் கேட்பதில்லை. டிவிக்குப் போகும் மஞ்சள் வயரிலும் ஓர் இணைப்பை எடுத்துக்கொள்ளும். படம் எப்போது தொடங்கியது என்பது வயரிலிருந்து தெரியும், கற்றை எப்போது தன் முன்னால் கடந்தது என்பது ஒளியுணரியிலிருந்து தெரியும். இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தைக் கணக்கிட்டால் எந்தக் கோட்டில், எந்த இடத்தில் குறி இருக்கிறது என்று சரியாகச் சொல்லிவிடலாம். ஒரு கோட்டுக்கு 64 மைக்ரோசெக்கன் என்ற கணக்கில் இது நடக்கிறது. என் பார்வையில் வீட்டு விளையாட்டுத் துவக்குகளிலேயே மிக அழகான வடிவமைப்பு இதுதான். ஆனால் இதற்கும் பெட்டி டிவி கட்டாயம் வேண்டும்.

தட்டைத் திரை வந்த பிறகு பொறியியலாளர்கள் திரையை நம்புவதை விட்டார்கள். 2006இல் நிண்டெண்டோ கொண்டுவந்த வீ பெட்டியில், டிவிக்கு மேலே வைக்கும் கம்பியின் இரு முனைகளிலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்குகள் எரியும். கையில் பிடிக்கும் ரிமோட்டின் முனையில் உள்ள சின்னக் கமெரா அந்த இரண்டு புள்ளிகளையும் பார்த்து, தான் எங்கே நோக்கி நிற்கிறது என்று கணக்கிடும். கம்பி பழுதானவர்கள் இரண்டு மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்து விளையாடியதுண்டு. மெழுகுவர்த்திச் சுடரிலும் அகச்சிவப்பு இருப்பதால் அது வேலை செய்யும். 2007இல் வந்த 'வீ சப்பர்' துவக்கு வெறும் பிளாஸ்டிக் கூடு. ரிமோட்டையும் அதன் துணைக் கைப்பிடியையும் செருகிப் பிடிக்க வசதி செய்கிறது, அதற்குமேல் உள்ளே ஒன்றுமில்லை. 2011இன் பிளேஸ்டேஷன் 'ஷார்ப் ஷூட்டர்' கூட்டின் முனையில் ஒளிரும் பந்து நிற்கும். டிவிப் பக்கம் வைத்த கமெரா பந்தின் இடத்தையும் பருமனையும் பார்த்து, பந்து எவ்வளவு தூரத்தில், எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்று அறியும். அண்மைக் காலத்து 'சிண்டன்' துவக்கில் கமெரா துவக்குக்குள் இருக்கிறது. படத்தைச் சுற்றி ஒரு வெள்ளைச் சட்டத்தைத் திரையில் காட்டவேண்டும். அந்தச் சட்டத்தின் நான்கு மூலைகளை வைத்துக் கணினி குறியைக் கண்டுபிடிக்கிறது. எல்.இ.டி. டிவியில் ஒழுங்காக வேலை செய்பவை கமெரா வைத்த இந்த வகைகள்தான். ஆனால் சிண்டனுக்குக் கணினியும் கொஞ்சம் பொறுமையும் வேண்டும்.

கமெரா வைத்த துவக்குக்கு எதிரி வெயில். ஹந்தானையில் காலையில் பனிமூட்டம் இருக்கும்; அது கலைந்ததும் சரிவைப் பார்த்த ஜன்னல் வழியாக வெயில் நேராக உள்ளே விழும். வெயிலிலும் அகச்சிவப்பு நிறைய உண்டு. குறி துள்ளிக்கொண்டே இருந்தால் ரிமோட்டைக் குறைசொல்லாமல் முதலில் திரைச்சீலையை இழுத்து மூடிப் பாருங்கள்.

இனி பெற்றோர்களுக்கு. திரை கறுப்பும் வெள்ளையுமாக மின்னுவதால், ஒளி மின்னலால் வலிப்பு வரும் தன்மை உள்ள பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டைக் கொடுக்கவே கூடாது. முன்பு வலிப்பு வந்த பிள்ளை என்றால் வைத்தியரிடம் கேளுங்கள். பெட்டி டிவியின் பின்மூடியை யாரும் கழற்றவேண்டாம். படக்குழாயில் 20,000 வோல்ட்டைத் தாண்டிய மின்னழுத்தம் ஓடும், கரண்டை நிறுத்திய பிறகும் அது சில நேரம் தங்கியிருக்கும்.

துவக்கின் உருவம் பற்றியும் சொல்லியாகவேண்டும். அமெரிக்காவில் பொம்மைத் துவக்குகளைப் பற்றிய சட்டம் வந்ததும் நிண்டெண்டோ 1989இல் தன் சாம்பல் நிறத் துவக்கைச் செம்மஞ்சளாக மாற்றியது. 2014இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், செம்மஞ்சள் முனை இல்லாத பொம்மைத் துவக்கை வைத்திருந்த 12 வயதுச் சிறுவனைப் பொலிஸார் சுட்டுக்கொன்றார்கள். சோதனைச் சாவடிகளோடு வளர்ந்த நம் தலைமுறைக்கு இதன் பொருளை விளக்கத் தேவையில்லை. 2009இல் நம் நாட்டில் போர் முடிந்தபோது பிறந்திராத பிள்ளைகள்தான் இன்று இந்தத் துவக்கைக் கேட்கிறார்கள். வாங்கிக் கொடுப்பது தவறென்று நான் நினைக்கவில்லை. ஆனால் கறுப்போ வெள்ளியோ வேண்டாம், பளிச்சென்ற நிறத்தில் வாங்குங்கள். விளையாடி முடிந்ததும் அலுமாரிக்குள் போகட்டும். வீதிக்கோ, பஸ்ஸுக்கோ, பாடசாலைப் பைக்குள்ளோ போகவே கூடாது.

வீட்டில் பெட்டி டிவி இருந்தால் கொடுத்து வைத்தவர்கள். கடையில் கிடைக்கும் சாதாரண டிவி கேம் துவக்கே போதும், அதிகம் செலவழிக்கவேண்டாம். துவக்கைப் பரிசோதிக்க ஒரு சுலபமான வழி: அறை விளக்கை அணைத்து, திரையின் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டி, கிட்ட நின்று சுடுங்கள். அப்போதும் வாத்து விழாவிட்டால்தான் துவக்கு பழுது. பழுதான பெட்டி டிவியை ஓடையில் தள்ளாதீர்கள். அதன் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, நம் ஓடைகள் மகாவலிக்குப் போகின்றன. மின்கழிவு எடுப்பவர்களிடமே கொடுங்கள்.

எல்.இ.டி. மட்டும் உள்ள வீட்டுக்கு, யாராவது பழைய துவக்கைக் குறைந்த விலைக்குத் தந்தாலும் வாங்கவேண்டாம். பாவித்த வீ ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால் அது சரியான தெரிவு. கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: பரிசோதிக்கப் பழைய டிவியோடு ஓர் எல்.இ.டி. டிவியையும் கடையில் வையுங்கள், வாங்க வருபவரிடம் "வீட்டில் என்ன டிவி?" என்று காசு வாங்குவதற்கு முன்பே கேளுங்கள்.