‘ம்ம்ம்’னு உறுமுதா உங்க ஹோம் தியேட்டர்?

“ஹலோ... மைக் டெஸ்டிங்... ஒன்... டூ... த்ரீ!”

கோயில் பொங்கல் வந்துட்டா ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தெருக்களில் இந்தக் குரலைக் கேட்காம யாரும் தூங்கியிருக்க முடியாது. அந்த மைக் செட் அண்ணனைக் கொஞ்சம் கவனிச்சிருக்கீங்களா? ஒரு பாக்ஸ் பாடலைன்னா அவர் உடனே ஆம்ப்ளிஃபயரைப் பிரிச்சுப் போட்டு உட்கார மாட்டார். பாடாத பாக்ஸின் வயரைக் கழற்றி, நல்லாப் பாடற பக்கத்து பாக்ஸில் மாட்டுவார். இப்போ அது பாடினா வயரும் ஆம்ப்ளிஃபயரும் ஓகே, கோளாறு அந்த பாக்ஸில். பாடலைன்னா வயரை மாத்திப் பார்ப்பார். ரெண்டே நிமிஷம்... மேட்டர் ஓவர்!

நாம என்ன பண்றோம்? தீபாவளி லீவுக்கு வந்த ஹாஸ்டல் பட்டாளத்தை, “புதுப் படம், 5.1 சவுண்டு, வாங்கடா”ன்னு வீட்டுக்குக் கூப்பிடறோம். படம் ஓடுது, சத்தம் வரலை. இல்லைன்னா சத்தம் வருது, டி.வி. கறுப்பா இருக்கு. “மாப்ள, இதுக்கு எங்க வீட்டு டி.வி.யே தேவலைடா”ன்னு ஒருத்தன் ஆரம்பிக்க, நாலு ரிமோட்டிலும் எல்லா பட்டனையும் அமுக்கித் தள்ளறோம். கடைசியில், “ரிசீவர் போச்சு”ன்னு தீர்ப்பு எழுதி, அப்பா தவணையில் வாங்கின பெட்டியைக் கடைக்குத் தூக்கிட்டு ஓடறோம்.

அநேகமா அது போயிருக்காது பாஸ். ரிசீவர்ங்கிறது ஒரு போஸ்ட் ஆபீஸ். செட் டாப் பாக்ஸ், ப்ளேயர், கம்ப்யூட்டர்னு எல்லா இடத்தில் இருந்தும் வர்றதை வாங்கி, படத்தை டி.வி.க்கும் சத்தத்தை ஸ்பீக்கர்களுக்கும் பிரிச்சு அனுப்புது. ஒரு தபால் வரலைன்னா போஸ்ட் ஆபீஸை இடிக்கலாமா? அனுப்பினவர், வழி, வாங்கறவர்னு மைக் செட் அண்ணன் மாதிரி ஒவ்வொண்ணா மாத்திப் பாருங்க. ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருளை மட்டும் மாத்தணும், அதுதான் ரூல். ரெண்டை ஒண்ணா மாத்தினா எது சரியாச்சுன்னே தெரியாது.

ஊமைப் படமா?

முதல்ல சிரிக்கக் கூடாத ஒரு செக்கிங். ரிசீவர் முன்பக்கத்தில் ஹெட்போன் பின் செருகியே கிடக்கா? அது இருந்தா பல ரிசீவர்களில் ஸ்பீக்கர் எல்லாம் வாய் மூடிடும். ராத்திரி தம்பி ஹெட்போனில் கேட்டுட்டு, ஹெட்போனை மட்டும் எடுத்து நீட்டிப்பு வயரை அப்படியே விட்டுட்டுப் போயிருப்பான். ‘ஸ்பீக்கர் ஏ / பி’ன்னு ஒரு பட்டன் இருக்கும். யாரோ அதையும் தட்டியிருக்கலாம்.

செட் டாப் பாக்ஸில் சத்தம் வருது, டி.வி.யிலேயே இருக்கிற ஆப்பில் படம் பார்த்தா மட்டும் வரலையா? இது ஏ.ஆர்.சி. விவகாரம். டி.வி.யின் சத்தம் அதே ஹெச்.டி.எம்.ஐ. வயரில் திரும்பி ரிசீவருக்கு வர்ற வசதி இது. 2009-ல் வந்த 1.4 வெர்ஷனில்தான் சேர்த்தாங்க. டி.வி.யில் மூணு நாலு ஹெச்.டி.எம்.ஐ. ஓட்டை இருந்தாலும் ‘ஏ.ஆர்.சி.’ன்னு அச்சடிச்ச ஒண்ணில் மட்டும்தான் இது வேலை செய்யும். ரிசீவரிலும் ‘அவுட்’ பக்கம் மாட்டணும். ரெண்டு மெனுவிலும் சி.இ.சி. ஆன் ஆகியிருக்கணும். டி.வி. கம்பெனிகள் இதுக்கு ஆளுக்கொரு செல்லப்பேர் வெச்சிருக்கிறதால ‘சி.இ.சி.’ங்கிற பேரே மெனுவில் கிடைக்காம போகலாம். மேனுவலைப் புரட்டுங்க.

சத்தம் வருது, ஆனா முன்பக்க ரெண்டு ஸ்பீக்கரில் மட்டுமா? டி.வி.யின் சவுண்டு மெனுவில் டிஜிட்டல் அவுட்புட் ‘பி.சி.எம்.’ல இருக்கும். அதை ‘பிட்ஸ்ட்ரீம்’ இல்லைன்னா ‘ஆட்டோ’வுக்கு மாத்துங்க. பென் டிரைவில் போட்ட படத்துக்கு மட்டும் சத்தம் இல்லைன்னா, அந்த ஃபைலின் சவுண்டு டி.டி.எஸ்.ஸா இருக்கலாம். எல்லா டி.வி.க்கும் அந்த பாஷை தெரியாது. அதே ஃபைலை ரிசீவரில் நேரா மாட்டின கம்ப்யூட்டரிலோ ப்ளேயரிலோ போட்டுப் பாருங்க, பேசும்.

படம் கறுப்பா?

ஹெச்.டி.எம்.ஐ. வயரில் படம் மட்டும் போறதில்லை. “நீ யாரு? உன்னை நம்பலாமா?”ன்னு ரெண்டு பக்கமும் கேட்டுக்கிற ஒரு விசாரணையும் நடக்குது. காப்பி அடிக்கிறதைத் தடுக்கிற ஹெச்.டி.சி.பி. பூட்டு அது. நடுவில் ரிசீவர் வேற இருக்கிறதால சில நாள் இந்தப் பேச்சு பாதியில் அறுந்துடும். எல்லாத்தையும் ஆஃப் பண்ணி, பிளக்கையும் உருவி, ரெண்டு நிமிஷம் சும்மா விடுங்க. அப்புறம் டி.வி., ரிசீவர், ப்ளேயர்னு இந்த வரிசையில் ஆன் பண்ணுங்க. பாதி கேஸ் இங்கேயே க்ளோஸ்.

பழைய ரிசீவரை செகண்ட் ஹேண்டில் வாங்கினவங்களுக்கு வேற பஞ்சாயத்து. அது 1.4 காலத்து பெட்டியா இருந்து, ப்ளேயர் முழு 4கே படத்தை அனுப்பினா அதால விழுங்க முடியாது. 1.4-ன் கொள்ளளவு நொடிக்கு 10.2 கிகாபிட், 2013-ல் வந்த 2.0-க்கு 18. அதுக்காகப் பெட்டியைத் தூக்கிப் போட வேண்டாம். ப்ளேயரை நேரா டி.வி.யில் மாட்டிட்டு, சத்தத்தை மட்டும் ஏ.ஆர்.சி. வழியாவோ ஆப்டிகல் வயர் வழியாவோ ரிசீவருக்குத் திருப்பி விடுங்க. 5.1 ஜம்முனு வரும்.

படத்தில் மூக்குத்தி மாதிரி வெள்ளைப் புள்ளிகள் மினுக்குது, நொடிக்கொரு தரம் கறுத்து வருதுன்னா வயர் மேலதான் சந்தேகம். நீளமான மலிவு வயர்னா சந்தேகமே வேண்டாம்! குட்டி வயர் ஒண்ணு கடன் வாங்கி மாட்டிப் பாருங்க.

ஒரே ஒரு இழை

வால்யூம் ஏத்தினா ‘டப்’னு ரிசீவர் ஆஃப் ஆகி, டிஸ்ப்ளேயில் ‘புரொடெக்ட்’னு வருதா? பயப்படாதீங்க, அது தன்னைத் தானே காப்பாத்திக்குது. நூல் மில் ஊர்க்காரங்களுக்கு இழைன்னா என்னன்னு நான் சொல்லித் தரணுமா? ஸ்பீக்கர் வயரின் செம்பு இழையில் ஒண்ணே ஒண்ணு பிரிஞ்சு பக்கத்து முனையைத் தொட்டாலும் ஷார்ட்தான். பிளக்கை உருவிட்டு, எல்லா முனையையும் கழற்றி, இறுக்கி முறுக்கி மறுபடி மாட்டுங்க. அப்படியே பெட்டி மேல அம்மா ஆசையா விரிச்ச எம்ப்ராய்டரி துணியையும் (கோவிச்சுக்காம பேசி) எடுத்துடுங்க. மேல ஒரு சாண் இடம் காத்துக்கு வேணும். சூடு ஏறினாலும் இதே ‘புரொடெக்ட்’தான்.

ப்ளஸ், மைனஸ் மாறினா ரிசீவர் ஆஃப் ஆகாது, ஆனா சவுண்டு சப்புனு போகும். ஒரு ஸ்பீக்கர் முன்னே தள்ளும்போது இன்னொண்ணு பின்னே இழுக்கும். பேஸ் ரெண்டும் ஒண்ணையொண்ணு சாப்பிட்டுடும். சந்தேகமா? அந்த வயரை ரிசீவரில் இருந்து கழற்றி, ஒன்றரை வோல்ட் செல்லின் ப்ளஸ்ஸை ப்ளஸ் வயரிலும் மைனஸை மைனஸிலும் ஒரே ஒரு கணம் தொடுங்க. ஸ்பீக்கரின் பேப்பர் வெளியே வந்தா சரி, உள்ளே போனா மாத்தி மாட்டியிருக்கு.

“சண்டை காது கிழியுது, வசனம் மட்டும் கேட்கலை”ன்னு பாட்டி சொல்றாங்களா? 5.1-ல் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் வரும். ரிசீவர் மெனுவில் அதை மட்டும் ரெண்டு மூணு டெசிபல் ஏத்துங்க. ராத்திரியா இருந்தா ‘நைட் மோட்’ போடுங்க. கூடவே வந்த குட்டி மைக்கை வெச்சு ஆட்டோ செட்டிங் பண்றவங்க, அதை உட்கார்ந்தா காது இருக்கிற உயரத்தில் வைங்க. வீடு அமைதியா இருக்கணும். சத்திரப்பட்டி பக்கம் இருக்கிறவங்க தறிச் சத்தம் ஓயற நேரம் பார்க்கணும்!

வாய் ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம் போனா டப்பிங்கைத் திட்டாதீங்க. டி.வி. படத்துக்கு மேக்கப் போட நேரம் எடுத்துக்குது, அதுக்குள்ள சத்தம் முந்திடுது. சத்தம் 45 மில்லிசெகண்ட் முந்தினாலே கண்டுபிடிச்சிடுவோம். பிந்தினா 125 வரைக்கும் பொறுத்துக்குவோம். இடி முழக்கம் மின்னலுக்குப் பிறகு வந்தே பழகின காது இல்லையா! ரிசீவரில் ‘ஆடியோ டிலே’ன்னு இருக்கும். பத்துப் பத்தா ஏத்தி, வாய் ஒட்டற இடத்தில் நிறுத்துங்க.

அந்த உறுமல்

இப்போ தலைப்புக்கு வருவோம். படம் போடும் முன்னாடியே சப்வூஃபரில் இருந்து ‘ம்ம்ம்...’னு, கட்டிப் போட்ட ராஜபாளையம் நாய் உறுமற மாதிரி ஒரு சத்தம். நம்ம கரன்ட்டின் 50 ஹெர்ட்ஸ்தான் அப்படிப் பாடுது.

கேபிள் வயர் தெருக் கம்பத்தில் இருந்து வருது. அதன் உறை அங்கே எங்கேயோ எர்த்தைத் தொடுது. உங்க கம்ப்யூட்டர் மூணு பின் பிளக் வழியா வீட்டு எர்த்தைத் தொடுது. மட்டம் வேறயா இருக்கிற ரெண்டு தண்ணித் தொட்டியை ஒரு பைப்பால இணைச்சா தண்ணி ஓடும் இல்லையா? அதே மாதிரி ரெண்டு எர்த்துக்கும் நடுவில் உங்க சவுண்டு வயர் வழியா கொஞ்சூண்டு கரன்ட் ஓடுது. ரிசீவர் அதையும் பாட்டுன்னு நினைச்சுப் பெருசாக்குது.

கண்டுபிடிக்க மைக் செட் அண்ணன் வழிதான். கேபிள் வயரை மட்டும் செட் டாப் பாக்ஸில் இருந்து கழற்றுங்க. உறுமல் நின்னா ஆள் சிக்கிட்டான். அந்த வயருக்கு ‘கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்’னு ஒரு சின்ன உருளை கிடைக்கும். (மாடியில் டிஷ் வெச்சிருக்கிறவங்க சாதாரண ஐசொலேட்டரைப் போடாதீங்க. டிஷ் தலைக்குப் போற கரன்ட்டையும் அது மறிச்சுடும்.) எல்லா பிளக்கையும் ஒரே போர்டுக்குக் கொண்டு வந்தாலும் உறுமல் குறையும். கரன்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் இரைச்சல்னா எர்த் நிரபராதி. இன்வெர்ட்டர் ‘ஸ்கொயர் வேவ்’ வகையான்னு பாருங்க.

இந்த இடத்தில் யாராவது ஒரு அண்ணன் வந்து, “தம்பி, மூணாவது பின்னை உடைச்சுடு, சத்தம் நின்னுடும்”பார். நிஜமாவே நின்னுடும். அதுதான் ஆபத்தே. எர்த் பின் போன கம்ப்யூட்டரின் உள்ளே என்னிக்காவது லைன் வயர் பாடியைத் தொட்டா, அந்த 230 வோல்ட் கீழே இறங்க வழியில்லாம வயர்கள் வழியா ரிசீவரின் உலோகம் வரைக்கும் வந்து காத்திருக்கும். ஈரக் கையோட முதல்ல தொடறவர் யாருன்னு யாருக்குத் தெரியும்? தங்கச்சியா இருக்கலாம், அம்மாவா இருக்கலாம். அந்தப் பின்னை உடைக்கச் சொல்றவரை வீட்டுக்குள்ளேயே விடாதீங்க.

கம்ப்யூட்டர் பாடியைத் தொட்டா விரலில் ‘ஜிவ்’னு இருக்கா? பழைய வீடுகளில் மூணு ஓட்டை சாக்கெட் இருக்கும், எர்த் ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்க. எர்த் குழி இருந்தா, கோடையில் கடைசியா அதில் தண்ணி ஊத்தினது எப்போன்னு அப்பாவைக் கேளுங்க. சித்திரை வெயிலில் காஞ்சு வெடிச்ச மண்ணு கரன்ட்டை லேசில் வாங்காது. இன்னொரு விஷயம்... எர்த் சரியில்லாத வீட்டில் கரன்ட் ஓடும்போதே ஹெச்.டி.எம்.ஐ. வயரைச் செருகி உருவினா அந்த ஓட்டையே போயிடலாம். ஆஃப் பண்ணிட்டு மாட்டுங்க.

ஐப்பசி சாயங்காலம்

மலையடிவாரத்துக்காரங்க நாம. ஐப்பசியில் மேற்கே மலைப் பக்கம் இருட்டிக்கிட்டு வந்தா அடுத்தது இடிதான். எல்லாரும் ஓடிப்போய் டி.வி. பிளக்கை உருவுவாங்க, கேபிள் வயரை மட்டும் மறந்துடுவாங்க. எங்கேயோ விழுந்த மின்னலின் அதிர்ச்சி அந்த வயரில் வந்து செட் டாப் பாக்ஸில் ஏறி, அங்கிருந்து ஹெச்.டி.எம்.ஐ. வழியா ரிசீவருக்குள்ள போகும். ஸ்பீக்கர் பாடும், ரேடியோ பாடும், ஹெச்.டி.எம்.ஐ. மட்டும் செத்துக் கிடக்கும். வானம் இருட்டும்போதே பிளக், கேபிள் வயர், நெட் வயர் மூணையும் உருவிடுங்க. இடி தலைக்கு மேல வந்த பிறகு வயர்கிட்டயே போகாதீங்க.

இவ்வளவும் பார்த்தும் சரியாகலையா? செட்டிங்கை எல்லாம் ஒரு போட்டோ எடுத்து வெச்சுட்டு ‘ஃபேக்டரி ரீசெட்’ பண்ணுங்க. அதுக்கும் மசியலைன்னா மூடியைத் திறக்காதீங்க. பிளக்கை உருவின பிறகும் உள்ளே இருக்கிற பெரிய கெப்பாசிட்டர்களில் கரன்ட் தங்கியிருக்கும். கடைக்குத்தான் போகணும். ஆனா, “அண்ணே, ரிசீவர் ஓடலை”ன்னு மொட்டையா சொல்லாதீங்க. “ரெண்டாவது ஹெச்.டி.எம்.ஐ.யில் மட்டும் படம் வரலை, வயர் மாத்திப் பார்த்தாச்சு, அதே ப்ளேயர் டி.வி.யில் நேரா ஓடுது”ன்னு ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்க. மெக்கானிக் அண்ணன் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். என்ன மாத்தப் போறார், எவ்வளவு ஆகும்னு கேட்டுக்கிட்டு, கழற்றற பழைய போர்டைத் திருப்பித் தரணும்னு அப்பவே சொல்லிடுங்க.