ஊராட்சியும் உட்கிடை ஊர்களும்

ஓர் ஊராட்சியின் பெயர் பெரும்பாலும் அதிலுள்ள ஓர் ஊரின் பெயராகவே இருக்கும். அப்பெயருக்குள் அடங்கிய பிற ஊர்களை வெளியார் அறிவதில்லை. தாய்க்கிராமம், வயல்களுக்கு அப்பாலுள்ள காலனி, ஏரிக்கரையை ஒட்டிய சில வீடுகள் எனப் பிரிந்து கிடக்கும் குடியிருப்புகள் சேர்ந்ததே ஊராட்சி. இன்று குக்கிராமம் எனப்படும் இத்தகைய சிற்றூரைச் சோழர்காலக் கல்வெட்டுகள் 'பிடாகை' என்று குறிக்கின்றன. தமிழ்நாட்டின் சுமார் 12,500 ஊராட்சிகளில் ஏறத்தாழ 79,000 குடியிருப்புகள் உள்ளன.

பல ஊர்கள் ஒரே நிருவாகத்தின்கீழ் வரும்போது, பெரிய ஊரின் குரலில் சிறிய ஊரின் குரல் அமிழ்ந்துவிடக்கூடும். இதற்கு விடைகாண முயன்ற பழஞ்சான்று காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே உள்ளது. உத்திரமேரூரிலுள்ள முதலாம் பராந்தக சோழனின் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921), ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்துக் குடவோலை வழியே உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த முறையை விளக்குகின்றன. கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையும் இல்லாதாருக்கு அங்கு இடமில்லை என்பதையும் மறத்தலாகாது. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் அத்தகைய தடையின்றி, வார்டுதோறும் ஓர் உறுப்பினரைத் தேரும் உரிமையை வாக்காளர் அனைவருக்கும் வழங்குகிறது.

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து ஊர்கள் ஏரிப்பாசனத்தை நம்பி அமைந்தவை. ஓர் ஏரி நிரம்பினால் மிகைநீர் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்குச் செல்லும். அந்நிலத்தில், 1990களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை எழுந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. சிப்காட் தொழிற்பூங்காக்கள் பெருகின. 2024இல் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கத்தக்க குடியிருப்பு திறக்கப்பட்டது. பல ஊராட்சிகளின் மொத்த மக்கள்தொகையையே விஞ்சும் எண் இது!

இதனால் ஊராட்சிகளிடையே புதியதோர் ஏற்றத்தாழ்வு தோன்றியுள்ளது. ஆலைத் தொழிலாளரின் தொழில்வரி, அவர் உறங்கும் ஊருக்கன்றி, ஆலை நிற்கும் ஊராட்சிக்கே செல்லும். அவர் வாடகைக்குத் தங்கும் அண்டை ஊராட்சியோ அவருக்குக் குடிநீர் தரவேண்டும்; குப்பை அகற்றவேண்டும்; தெருவிளக்கு எரிக்கவேண்டும். அதற்கு வீட்டுவரி, குடிநீர்க் கட்டணம், அரசு மானியம் ஆகியவையே கைகொடுக்கும். மானியமோ பெரிதும் மக்கள்தொகைக் கணக்கைச் சார்ந்தது; 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக்குப் பின் குடியேறியோர் அக்கணக்கில் இல்லை.

கிராமசபையிலும் அவர்கள் இல்லை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளோரே அதன் உறுப்பினர். ஒடிசாவிலோ திருநெல்வேலியிலோ வாக்குரிமையை வைத்துக்கொண்டு இங்கு உழைப்பவர், தாம் பருகும் நீரைப் பற்றிய தீர்மானத்தில் கைதூக்க இயலாது.

இவ்வூர்களைப் பேரூராட்சியாகவோ நகராட்சியாகவோ தரமுயர்த்துவதே தீர்வு என்பர் சிலர். சாலையும் கழிவுநீர் வடிகாலும் விரைந்து வரலாம். எனினும் கிராமசபை நீங்கும். ஊரக வேலைத் திட்டமும் நீங்கும். வார்டுகள் மக்கள்தொகைப்படி வகுக்கப்படுவதால், நாற்பது வீடுகள் கொண்ட குக்கிராமம் தனக்கென இருந்த உறுப்பினரை இழந்து, பெரிய வார்டு ஒன்றின் ஓரத்தில் போய்ச்சேரும்.